நான் பேர் மாற்றிப் படித்த பதினான்காம் அத்தியாயம்

இந்த வாரம் எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

எடிட்டர் போன் செய்தபோது, "காய்ச்சலுங்க சார்" என்று சொல்லி, இருமியும் காட்டினேன். காய்ச்சலுக்கு எதற்கு இருமல் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனுஷன். "உடம்பைப் பாத்துக்கங்க" என்று வைத்துவிட்டார்.

வைத்த பிறகுதான் உறைத்தது. ஒரு பொய் சொல்லி அசிங்கப்பட்ட கதையை எழுதக் கூச்சமாக இருக்கிறது என்று, இன்னொரு பொய் சொல்லியிருக்கிறேன். திரும்பக் கூப்பிட்டேன். "காய்ச்சல் விட்டுடுச்சுங்க சார்."

"பத்து நிமிஷத்துலயா?"

"நல்ல மாத்திரைங்க."

அதுவும் பொய்தான். என்ன செய்ய... வாய் பழகிவிட்டது.

வாரா வாரம் இந்தப் பக்கத்தில் யாரையாவது ஓட்டுவதுதான் என் வேலை. பஸ் கண்டக்டர், கல்யாண வீட்டு வீடியோக்காரர், என் சொந்தத் தாய்மாமா... எல்லாரும் முடிந்தார்கள். இந்த வாரம் நான் மாட்டிக்கொண்டேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். எனக்கு இன்னும் வரவில்லை.

நான் வேலை செய்வது குறிச்சிப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில். பத்தாவதில் கணக்கு இரண்டு தடவை காலை வாரிவிட்டது. மூன்றாவது தடவை நானே அதை வாரிவிட்டு அசெம்பிளிக்கு வந்துவிட்டேன். ஆனால் தமிழ் வாசிப்பேன். ரயில் மாதிரி வாசிப்பேன். அதனால் எங்கள் கம்பெனியில் எனக்கு ஒரு உபதொழில் உண்டு. நாலு மணி டீக்கு லேத், ட்ரில்லிங் எல்லாம் நின்றதும், கவிழ்த்துப் போட்ட ஒரு மரப்பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து பேப்பர் படிக்க வேண்டும்.

சும்மா படித்தால் யார் கேட்பார்கள்? பேர் மாற்றிப் படிப்பேன். அமைச்சர் கோபித்துக்கொண்டு கூட்டத்தை விட்டு வெளியேறினார் என்று இருந்தால், அமைச்சரை எடுத்துவிட்டு எங்கள் சூப்பர்வைசரைப் போடுவேன். நடிகைக்கு மூன்றாவது கல்யாணம் என்றால், பேக்கிங்கில் இருக்கும் துளசியக்காவுக்கு நடத்தி வைப்பேன். "மாப்பிள்ளை எந்தூருங்க கண்ணு?" என்று துளசியக்காவே கேட்கும். பம்ப் அதிருகிற மாதிரி ஷெட்டே அதிரும். இதுவரை ஒருத்தரும் கோபித்துக்கொண்டதில்லை.

அதாவது, மூன்று வாரத்துக்கு முன்னால் வரைக்கும்.

சேவியர் அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். லேத் ஆபரேட்டர். நாற்பதை நெருங்குகிறார். மீசை ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்று வைத்தால் மீசைதான் அதிகம். எட்டு வருஷமாக எங்கள் கம்பெனியில் இருக்கிறார். வந்தோமா, லேத்தில் ராடை மாட்டினோமா, கடைந்தோமா, போனோமா. அவ்வளவுதான். கல்யாணம் இல்லை. கேட்டால், "அமையல தம்பி" என்பார்.

மோட்டார் காயில் சுற்றும் செக்‌ஷனில் ரெஜினா அக்கா. தொண்டாமுத்தூரிலிருந்து வருகிறவர். வீட்டுக்காரர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அந்த மனுஷன் குடிப்பது ஊருக்கே தெரியும். ரெஜினா அக்காவுக்கு மட்டும் தெரியாமல் கட்டி வைத்துவிட்டார்கள். அதை அக்காவே டீ டைமில் சிரித்துக்கொண்டு சொல்லும். "எம்பட கல்யாணத்துல பந்தி பரிமாறினவனுக்குத் தெரியும், போட்டோ புடிச்சவனுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியல."

இந்த இரண்டு பேருக்கும்தான் போன தை மாதம் கல்யாணப் பேச்சு ஆரம்பித்தது. எப்படி, யார் சொல்லி என்று எனக்கே தெரியாது. எனக்கே தெரியாமல் எங்கள் கம்பெனியில் நடந்த ஒரே விஷயம் அதுதான். அக்கா அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டதாம். சொத்து கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. "மறைக்காம இருங்க. அது போதுமுங்க."

இது ஷெட்டில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தேன்... இல்லை, தெரியாமல். இரண்டும்தான்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். லேத்துக்குப் பின்னால் சேவியர் அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் புத்தகம். காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தார். வரிக்குக் கீழே ஸ்டீல் ஸ்கேல். ஒரு வரி முடிந்ததும் ஸ்கேலை ஒரு நூல் கீழே இறக்குகிறார். மில்லிமீட்டர் கணக்கில் படித்த மனுஷனை நான் அன்றுதான் பார்த்தேன்.

விடுவேனா? பின்னாலிருந்து காலண்டர் தாளை உருவினேன்.

உள்ளே அட்டையில் ஒரு மாட்டுவண்டி. ஒரு மலை. முழுக்கை ஜாக்கெட் போட்ட ஒரு பெண் மலையைப் பார்க்கிறாள். தலைப்பாகை கட்டிய ஒருத்தன் அவளைப் பார்க்கிறான். இரண்டு பேருக்கும் மேலே மேகத்தில் ஒரு சிலுவை ஒளி விடுகிறது.

"அண்ணா, லவ் ஸ்டோரிங்களா?"

"டேய், மெல்லப் பேசு."

"பொண்ணும் இருக்குது, சிலுவையும் இருக்குது. இதுல எதுக்காகப் படிக்கறீங்க?"

"ரெஜினா குடுத்துச்சுடா. அதுங்க சர்ச் லைப்ரரில எடுத்தது. படிச்சுப் பாருங்கன்னு சொல்லுச்சு."

மீசைக்குள் எங்கேயோ சிவந்தார். எனக்குக் கொண்டாட்டம். எழுந்து போகப் பார்த்த என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அந்தக் கை பிடித்தால் ஸ்பேனர் பிடித்த மாதிரி, சும்மா விடாது.

"நீ வேகமாப் படிப்பியே. ஒண்ணு பண்ணிக் குடு. இதுல வர்றவன் முன்னாடி ஒரு மாதிரி இருந்தவன். அதை அந்தப் புள்ளைகிட்டச் சொல்லோணும். எந்த எடத்துல சொல்றான், எப்படிச் சொல்றான்னு மட்டும் பாத்து எனக்குச் சொல்லு. நான் இப்படி ஸ்கேல் வெச்சுட்டு இருந்தா ஞாயித்துக்கெழமைக்குள்ள முடியாது."

"ஞாயித்துக்கெழமை என்னங்ணா?"

"மொத ஓலை."

எனக்குப் புரியவில்லை. அவர்தான் சொன்னார். சர்ச்சில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசையில் ஃபாதர் ஓலை வாசிப்பாராம். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று எல்லார் முன்னாலும் கேட்பாராம்.

"உங்களுக்கு யாருங்ணா தடை சொல்லப் போறாங்க? லேத் மிஷினா?"

அவர் சிரிக்கவில்லை. நான் கவனிக்கவில்லை. அவர் எதையோ கேட்டார், நான் வேறு எதையோ புரிந்துகொண்டேன். காதலை எப்படிச் சொல்வது என்று டிப்ஸ் கேட்கிறார் என்றே நினைத்தேன். இந்த வயதில், இந்த மீசையோடு... புத்தகத்தை வாங்கி டிபன் பைக்குள் போட்டேன்.

வீட்டுக்குப் போய் ஓட்டுவதற்கு மேட்டர் தேடித்தான் பிரித்தேன்.

கதை நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தையது. போத்தனூருக்குத் தண்டவாளம் போடுகிற காலம். ஞானமுத்து என்று ஒருத்தன். பாலக்காட்டுக் கணவாயில் ஏற்றம் ஏறுகிற வண்டிகளின் பின்னால் தொற்றிச் சரக்கை இறக்கும் கூட்டத்தில் இருந்தவன். பிடிபட்டு ஏழு வருஷம் சிறை. வெளியே வந்து ஞானஸ்நானம் வாங்கி, மிஷன் ஆஸ்பத்திரியில் வண்டி ஓட்டுகிறான். அங்கே மருந்து கலக்கிற எஸ்தர். அவளுக்கு இவன் பழசு தெரியாது. இவனுக்குச் சொல்லத் தைரியம் இல்லை.

முதலில் சிரித்தேன். ஞானமுத்து பக்கத்துக்கு ஒரு தடவை முழங்காலில் நிற்கிறான். காளை மாடு சாணி போட்டாலும் கர்த்தருக்கு நன்றி சொல்கிறான். எஸ்தருக்கு எதற்கெடுத்தாலும் கண் கலங்குகிறது. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற பெண் இப்படிக் கலங்கினால் மருந்து எப்படிக் கலக்கும்?

அப்புறம் எப்போது சிரிப்பு நின்றது என்று தெரியவில்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை. பதினான்காம் அத்தியாயம். மழை. ஆஸ்பத்திரிப் புளியமரத்தடியில் ஞானமுத்து சொல்கிறான்: "நான் யார் என்று நீ கேட்கவில்லை. கேட்காததால் சொல்லாமல் இருந்தேன். அது என் இரண்டாவது திருட்டு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு. பந்தயம் கட்டி சோகப் படம் பார்த்து பாப்கார்ன் தின்றவன் நான்.

புத்தகத்தைப் பட்டென்று மூடினேன். அதற்கு மேல் படிக்கவில்லை. ஒரு புத்தகம் என்னை அழ வைத்துவிட்டது என்று கோபம். அதுவும் மேகத்தில் சிலுவை போட்ட புத்தகம். அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? எனக்குத் தெரிந்தது ஒரே இடம்தான். மரப்பெட்டி.

சேவியர் அண்ணன் செவ்வாய் கேட்டார், புதன் கேட்டார். "படிச்சுட்டு இருக்கறனுங்ணா" என்று இழுத்தேன்.

வியாழக்கிழமை நாலு மணி. டீ வந்தது. பெட்டி மேல் ஏறினேன். "இன்னிக்குப் பேப்பர் இல்லீங்க. ஸ்பெஷல் ஐட்டம்" என்று காலண்டர் அட்டையைத் தூக்கிக் காட்டினேன். லேத் பக்கமிருந்து சேவியர் அண்ணன் தலையாட்டினார். வேண்டாம் என்று. வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதுவது சுலபமாக இருக்கிறது. அந்தத் தலையாட்டலில் வெட்கம் இல்லை. அது எனக்கு அப்போதே கொஞ்சம் தெரிந்தது.

"பதினாலாவது அத்தியாயம். மழை கொட்டுகிறது. புளியமரத்தடியில் சேவியர் நிற்கிறான்."

ஷெட் ஒரே ஆரவாரம். துளசியக்கா, "குடை இல்லீங்களா பாவம்" என்றது.

"ஆஸ்பத்திரி வாசலில் ரெஜினா. அவள் முந்தானை நனைந்திருக்கிறது."

"முந்தானை எல்லாம் கரெக்டாச் சொல்றான் பாரு" என்று ரெஜினா அக்கா சிரித்தது. டீ கிளாஸ் கையில் ஆடியது. நான் குரலைக் கனமாக்கினேன். நெஞ்சில் கை வைத்தேன்.

"ரெஜினா, நான் யார் என்று நீ கேட்கவில்லை. ஏற்றம் ஏறும் வண்டிகளின் பின்னால் தொற்றிச் சரக்கைத் திருடியவன் இந்தச் சேவியர். நான் சிறையில் இருந்து வந்தவன். கேட்காததால் சொல்லாமல் இருந்தேன். அது என் இரண்டாவது திருட்டு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிப்பை வாங்கிக்கொள்ள நிமிர்ந்தேன்.

சேவியர் அண்ணன் கிளாஸைக் கீழே வைத்தார். மெதுவாக, சத்தம் வராமல். வெளியே குழாயடிக்குப் போனார். கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். ஆயில் போக அவ்வளவு நேரம் ஆகாது. ஷெட்டில் சிரிப்பு ஒவ்வொரு பக்கமாக அணைந்தது. ரெஜினா அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. சிரிப்பு வாயில் இருந்தது. கண்ணில் இல்லை.

காயில் சுற்றுகிறவர்களுக்குச் சுற்றுக் கணக்குதான் உயிர். ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் சொல்லிக் கொடுத்துவிடும். அன்று டீக்கு அப்புறம் ரெஜினா அக்கா சுற்றிய மூன்று காயில் டெஸ்டிங்கில் திரும்பி வந்தது. அதுவரை ஒரு காயில்கூட அக்காவுக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

குழாயடிக்குப் போனேன். "அண்ணா... சும்மா தமாசுக்குங்ணா."

"யாரு சொன்னா உனக்கு?"

"என்னங்ணா?"

என்னையே பார்த்தார். எனக்கு எதுவும் தெரியாது என்று அவருக்குப் புரிந்தது. அது அவருக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது போல. சுவரில் சாய்ந்துகொண்டார்.

"வாளையார் ஏத்தத்துல லாரி மெல்லப் போகும். நானும் இன்னும் நாலு பேரும். தார்ப்பாயை அறுத்து மூட்டைய உருட்டி உட்டுருவோம். மூணு வருசம் உள்ள இருந்தேன். வந்து பதினஞ்சு வருசம் ஆச்சு. அந்தப் புக்கை ரெஜினா குடுத்தப்ப, அதுக்குத் தெரிஞ்சுதான் குடுத்துச்சோன்னு நெனச்சேன். அதுக்கு ஒண்ணும் தெரியாது. கதை நல்லா இருக்குதுன்னு குடுத்துருக்குது. நல்லதாப் போச்சு, இதை வெச்சே ஓலைக்கு முன்னாடி சொல்லிப் போடலாம்னு இருந்தேன். இன்னிக்குச் சாயந்தரம் சொல்லலாம்னு. நீ நாலு மணிக்கே சொல்லிட்டே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடித்திருந்தால் இன்னும் நல்லது.

இந்த இடத்தில் ஒரு மனுஷன் என்ன செய்ய வேண்டும்? வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். நான் என்ன செய்தேன்? ரிப்பேர் செய்யப் போனேன்.

ஷிப்ட் முடிந்து பஸ் ஸ்டாப்பில் ரெஜினா அக்காவைப் பிடித்தேன். "அக்கா, அதுல இருக்கறது எல்லாம் கதைங்க. நான்தான் பேரை மாத்திப் படிச்சேன்."

"அது தெரியுது சாமி. துளசியக்காவுக்கு மூணு கல்யாணம் பண்ணி வெச்சவன்தான நீ. அவரு மூஞ்சி ஏன் அப்படிப் போச்சு?"

"அவருக்குக் காலையிலிருந்து வயிறு சரியில்லீங்க. மத்தியானம்கூடச் சாப்பிடல."

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? யோசிக்கக்கூட இல்லை. அக்கா என்னைப் பார்த்தது. பிறகு, "ஓம வாட்டர் வாங்கிக் குடு அவருக்கு" என்றது. அந்த முகத்தில் வந்த நிம்மதியை நான்தான் வர வைத்தேன். பொய்யில் செய்த நிம்மதி. முதல் கல்யாணத்திலும் இப்படித்தானே அக்காவைச் சுற்றி நின்று எல்லாரும் நிம்மதியாக வைத்திருந்தார்கள்? போட்டோ பிடித்தவன் வரிசையில் நானும் போய் நின்றுகொண்டேன்.

ஆனால் அன்று அதெல்லாம் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை காலை மெடல் வாங்கப் போகிறவன் மாதிரி லேத் பக்கம் போனேன். "அண்ணா, சமாளிச்சாச்சு. வயித்து வலின்னு சொல்லிட்டேன். நம்பிட்டாங்க. இனி நீங்க எதுவும் சொல்ல வேண்டியதில்ல."

அவர் மிஷினை நிறுத்தினார்.

"அப்ப இனி நானும் உன்ற வயித்து வலிக்கு ஒத்து ஊதோணும்?"

"இல்லீங்ணா, நான் உங்க நல்லதுக்கு..."

"அது கேட்டது ஒண்ணே ஒண்ணுடா."

கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு அரை நாள். உக்கடத்துல அது பஸ் மாறும். நீயும் வா. நீ சொன்ன பொய்யை நீ எடு. என்றதை நான் சொல்லிக்கறேன்."

சனிக்கிழமை மத்தியானம் உக்கடம் குளக்கரை. புதுசாக நடைபாதை எல்லாம் போட்டு அழகு பண்ணியிருக்கிறார்கள். சுண்டல் விற்கிறவர், செல்பி எடுக்கிற காலேஜ் பிள்ளைகள். அங்கே நாங்கள் மூன்று பேர். மரப்பெட்டி மேல் ஐம்பது பேர் முன்னால் பேசுகிறவனுக்கு, ஒரே ஒரு ஆள் முன்னால் பேச்சு வரவில்லை.

"அக்கா... அன்னைக்கு வயித்து வலின்னு சொன்னது பொய்யுங்க."

அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தது. நான் நாலடி தள்ளிப் போய் நின்றேன். காது மட்டும் தள்ளிப் போகவில்லை.

அவர் சொன்னார். மழை இல்லை, புளியமரம் இல்லை. ஞானமுத்து மாதிரி அழகாகவும் சொல்லவில்லை. லேத்தில் ஜாப் அளவு சொல்கிற மாதிரி, இடம், வருஷம், என்ன செய்தது, எத்தனை நாள் உள்ளே என்று வரிசையாகச் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகு அக்கா கேட்டது:

"என்ன எடுத்தீங்க?"

"துணி மூட்டை. கொப்பரை. கடைசியா ஒருக்கா பிரிச்சுப் பாத்தா மூட்டை முழுக்க ஊதுபத்தி. ஊட்டுல ஒளிச்சு வெச்சோம். வாசனை தெருவுக்கே வந்துருச்சு. அதுலதான் மாட்டுனோம்."

அக்காவின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பு வரப் பார்த்தது போல. வரவில்லை.

"யாரையாச்சும் அடிச்சீங்களா?"

"ஒரு டிரைவர் எறங்கி வந்தாரு. தள்ளி உட்டேன். முழங்கை ஒடைஞ்சுருச்சு. வெளிய வந்து அவரைத் தேடிப் போனேன். கொடுமுடிப் பக்கம். கதவைத் தொறந்து பாத்துட்டுச் சாத்திட்டாரு. அது அவரு இஷ்டம்."

அக்கா குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. பேசியபோது குரல் உயரவில்லை.

"எங்க ஊருல யானை தோப்புக்கு வந்தாக்கூட முன்னாடியே வாட்ஸ்அப்புல சொல்லிப் போடறாங்க. காட்டுல இருந்து வர்றதுக்கே தாக்கல் வருதுங்க. நீங்க ஒரே ஷெட்டுல எட்டு வருசம்..."

"சொல்லியிருக்கோணும்" என்றார் அவர்.

"இவன் படிக்கலைன்னா சொல்லியிருப்பீங்களா?"

அவர் உடனே ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். ஆனால் யோசித்தார். "சொல்லியிருப்பேன்னுதான் நெனைக்கறேன். பஸ் ஸ்டாப்புல நின்னு தைரியம் போயிருந்தா... தெரியலீங்க."

நானாக இருந்தால் அந்த இடத்தில் அழகாக ஒரு பொய் போட்டிருப்பேன். ஜெயிலுக்குப் போய் வந்தவர் போடவில்லை.

அக்கா என்னிடம் கையை நீட்டியது. "புக்கைக் குடு." கொடுத்தேன். "எவ்வளவு வரைக்கும் படிச்சே?"

"பதினாலு வரைக்குமுங்க."

"அதுக்கு மேல படிக்காமயே எல்லாருக்கும் படிச்சுக் காட்டுனியா?"

அக்கா அவரிடம் திரும்பியது. "ஃபாதர்கிட்ட இந்த வாரம் ஓலை வேண்டாம்னு சொல்லிடறனுங்க." தொண்டாமுத்தூர் பஸ் ஏறிப் போய்விட்டது. சேவியர் அண்ணன் பஸ் போன திசையில் பார்க்கவில்லை. "சுண்டல் திங்கறயாடா?" என்று கேட்டார். என்னிடம். நான் வேண்டாம் என்றேன். வாங்கிக் கொடுத்தார். தின்றேன்.

அந்த ஞாயிறு ஓலை இல்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் இல்லை.

டீ டைமில் பெட்டி காலியாகக் கிடந்தது. "ஏங் கண்ணு, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று துளசியக்கா கேட்டது. ஆமாம் என்றேன். ரெஜினா அக்கா காயில் சுற்றியது. சேவியர் அண்ணன் கடைந்தார். காலையில் "வாங்க" என்று அக்கா சொல்லும், "ம்" என்று அவர் சொல்வார். அவ்வளவுதான். அந்த "வாங்க"வுக்கும் "ம்"முக்கும் நடுவே நான் ஸ்பேனரை வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தேன்.

பதினாறாவது நாள், அக்காவே என் டேபிளுக்கு வந்தது. புத்தகத்தைத் திரும்ப வைத்தது. "முழுசாப் படி" என்றது.

"மன்னிச்சிடறாங்களாக்கா அவங்க?" எஸ்தரைத்தான் கேட்டேன். இல்லை, கேட்டது எஸ்தரை மட்டும் இல்லை.

"பதினஞ்சாவது அத்தியாயத்துல மொதப் பக்கத்துலயே மன்னிச்சுப் போடறா. ஓடி வந்து கையப் புடிச்சுக்கறா. போன தடவை படிச்சப்ப நான் அந்த எடத்துல அழுதேன். இந்தத் தடவை கோவம் வருது. ஒரு பக்கத்துல எப்படிடா முடியும்? எனக்குப் பதினாறு நாள் ஆச்சு. இன்னும் பாதிப் பக்கம் தாண்டல."

அப்போது, இதை மட்டும் கேட்டேன். "பாதிப் பக்கம் வரைக்கும் வந்துட்டீங்களாக்கா?"

"அதைத்தான் சொல்றேன். பாதி" என்று சொல்லிவிட்டுப் போனது.

புத்தகத்தை முழுசாகப் படித்தேன். இந்த மாதிரி புத்தகத்தைப் படிக்கிறவர்களை நான் எவ்வளவு ஓட்டியிருக்கிறேன். அழுகாச்சி, ஜெபம், கடைசியில் கல்யாணம் என்று. இப்போது ஒன்று தோன்றுகிறது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் வண்டியில் திருடினவன் திருந்தினால் நமக்குக் கண் கலங்குகிறது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் லாரியில் திருடினவன் திருந்தி பக்கத்து மிஷினில் நின்றால்? அவன் பேரைச் சொல்லவே குரலைத் தாழ்த்துகிறோம். வாடகைக்கு வீடு கொடுப்போமா? பழைய காலத்து ஆளை மன்னிக்க நமக்கு ஒன்றும் செலவில்லை. அவன் நாளைக்குக் காலையில் எதிரில் வந்து "வாங்க" சொல்ல மாட்டான்.

அதற்காக அந்தப் புத்தகத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்டீல் ஸ்கேல் வைத்து ஒரு மனுஷன் வரி வரியாக இறங்கியது அதற்குள்தான். அந்த வரிகளுக்கு நடுவில் புகுந்து அவர் வாயிலிருந்து வர வேண்டியதைப் பிடுங்கிச் சிரிப்புக்கு விற்றவன் நான். ஞானமுத்துவின் கணக்குப்படி, என் முதல் திருட்டு அது. வயிற்று வலி இரண்டாவது.

நேற்று சாயங்காலம் இதை முழுசாக டைப் செய்து சேவியர் அண்ணனுக்கு அனுப்பினேன். 'அண்ணா, எடிட்டருக்கு இன்னும் அனுப்பலைங்க. பேரு, ஊரு எல்லாம் எடுத்துடட்டுங்களா? வேண்டாம்னா மொத்தமா அழிச்சுடறேன். மன்னிப்புக் கேக்கத் தெரியலீங்ணா, அதான் எழுதிட்டேன்.'

வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தது. நான் எழுதியதை அவர் எப்படிப் படிப்பார் என்று எனக்குத் தெரியும். போன் திரை மேல் ஸ்கேலை வைத்து, வரி வரியாக. முக்கால் மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். டீ ஆறி ஆடை கட்டியது.

அப்புறம் வந்தது, ஒரே வரி:

"எதையும் மாத்தாமப் போடு, வர்ற ஞாயித்துக்கெழமை மொத ஓலை வாசிக்கறாங்க, நீ வந்து வாயத் தொறக்காம உக்காந்து கேளு."